நான்காவது ராஃப்டர்

யாக்கண்டாண்டா.
உருமிக்காரன் யாரோ வைத்த பெயர் போலிருக்கும் ஊர்.
விக்டோரியாவின் வடகிழக்கு மூலை.
பெட்ரோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
நிரப்பிக்கொண்டு காசு தராமல் பறக்கும் வண்டிகளை
நீல நோட்டில் எழுதி வைக்கிறேன்.
இதுவரை நூற்றுப் பதினேழு.
ஒருத்தரையும் யாரும் படமெடுக்கவில்லை.

ஹியூ ராஃப்டரை நான்கு முறை எடுத்துவிட்டார்கள்.

முதலாவது ஊமைப்படம்.
பையன்கள் குதிரை திருடக் கற்றுக்கொள்வார்களென்று
போலீஸ் தடை போட்டது.
தப்பிப் பிழைத்தது நான்கு நிமிடம்.
அதில் ராஃப்டர் குதிரையோடு
பாறை உச்சியிலிருந்து ஆற்றில் குதிக்கிறான்.
அவன் கரையேறுகிறான்.
குதிரை ஏறுவதற்குள் சுருள் கருகிவிடுகிறது.
நூறு வருஷத்துக்கு மேலாக
அது தண்ணீரிலேயே நிற்கிறது.

இரண்டாவதற்கு லண்டனிலிருந்து நடிகர் வந்தார்.
கோச்சு வண்டியை மறித்து, தொப்பியைக் கழற்றி,
"சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்கிறார்.
மூன்று மாதம் புதரில் ஒளிந்தும்
காலரில் போட்ட கஞ்சி கலையவில்லை.

மூன்றாவது எழுபதுகளில்.
தோள்வரை முடி, கையில் கிதார்,
போருக்குப் போகமாட்டேனென்ற பிள்ளைகளின் முகம்.
தூக்குமேடையில் சிரிக்கிறான்.
அந்த வருஷம் இந்த ஊரில் பிறந்த பையன்களில்
ஏழு பேருக்கு ஹியூ என்று பெயர்.
அதில் ஒருவர்தான் எங்கள் கான்ஸ்டபிள்.
மாதாமாதம் வந்து நீல நோட்டைப் புரட்டிப் பார்த்து
கொட்டாவி விட்டுப் போவார்.

நமக்கும் இதற்கெல்லாம் பழைய பெயர்கள் உண்டு.
வழிமறித்தால் ஆறலை கள்வர்.
ஆநிரை கவர்ந்தால் வெட்சி. பூவே சூட்டிக்கொள்ளலாம்.
செத்தால் கல் நட்டு, பீலி சூட்டி, கள் படைப்போம்.
மாடு யாருடையது என்று
எந்தக் கல்லிலும் நான் படித்ததில்லை.

நான்காவதில் நான் இருக்கிறேன்.
தலைப்பாகையும் மூட்டையுமாக ஊசி நூல் விற்க வந்து
ராஃப்டரிடம் பறிகொடுக்கும் இந்தியன்.
பழைய போஸ்டரில் அவன், கரி பூசிய வெள்ளைக்காரன்.
லண்டன்காரர் படத்தில் அவனே கிடையாது.
எழுபதுகளில் அவன் சேற்றில் விழ, அரங்கு சிரித்தது.
"இந்த முறை உண்மையாக எடுக்கிறோம்" என்றார்
இயக்குநர் ஃப்ரெயா.
உண்மை என்றால் சேறு அதிகம்.
எல்லாரும் கிசுகிசுத்தே பேசுகிறார்கள்.
ராஃப்டருக்குப் புதிதாக ஒரு பால்யகாலக் காயம்.
அதைக் காட்ட அடிக்கடி வானத்தைப் பார்க்கிறார்.

தடம் பார்ப்பவராக நடித்தவர் லெஸ்டர்.
இந்த மண்ணின் ஆதிக்குடி.
நான்கு படத்திலும் அந்தப் பாத்திரத்துக்கு வசனமில்லை,
விரல் மட்டும்தான். அந்தப் பக்கம் என்று நீளும்.
தேநீர் இடைவேளையில் சேற்றைக் குனிந்து பார்த்தார்.
"ராஃப்டர், போலீஸ், பண்ணைக்காரன்...
எல்லார் பூட்ஸும் ஒரே வண்டியில வந்ததுதான்" என்றார்
கோப்பையை ஊதியபடி.
கேமரா அணைந்திருந்தது.

பிறகு என் காட்சி.
"உங்கள் பாஷையில் ஏதாவது கெஞ்சுங்கள்."
பத்து முறை எடுத்தும் திருப்தியில்லை.
பதினோராவது முறை, புருவ நடுவில் துப்பாக்கி,
சேற்றில் சீப்பு, கண்ணாடி, நூற்கண்டு,
பல்லிடுக்கில் மண்.
தானாக வந்தது:
"கணக்குல எழுதிக்கிறேன்."

"அபாரம்! உயிர்ப்பயம் அப்படியே கண்ணில்!"
ஃப்ரெயா கட்டிக்கொண்டார்.

ஊர் மண்டபத்தில் முதல் காட்சி.
என் முகத்துக்குக் கீழே வெள்ளை எழுத்தில் வந்தது:
அவன் தன் கடவுளை அழைக்கிறான்.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
மூன்றாம் வரிசையில் நான் மட்டும் சிரித்தேன்.
ஹியூ கான்ஸ்டபிள் திரும்பி
உதட்டில் விரல் வைத்தார்.

அன்று இரவு பன்னிரண்டே கால்.
வெள்ளை யூட் வண்டி ஒன்று
எண்பது டாலருக்கு டீசல் நிரப்பிப் பறந்தது.
பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ராஃப்டர்
வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

நூற்றுப் பதினெட்டு.